விளையாட்டு என்று நினைத்துத்தான் போனேன்: திருமயம் பக்கத்துக் கண்மாயில் டியூப் பந்து

இந்தப் பயணத்துக்கு மூல காரணம் நான் போட்ட ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். எங்கள் சென்னைக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் ஞாயிறு காலைகளில் டியூப் பந்து ஆடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாட்டர் போலோ மாதிரிதான், ஆனால் நீந்த வேண்டாம். ஆளுக்கொரு காற்றடைத்த டியூப். அதன் நடு ஓட்டையில் பின்பக்கத்தை இறக்கி உட்கார்ந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பந்தைப் பிடித்து, நம் ஆளுக்கு எறிந்து, எதிரணியின் கோலுக்குள் போட வேண்டும். டியூபை விட்டு இறங்கி ஆடினால் தப்பாட்டம். எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. முப்பத்தெட்டு வயதில் தண்ணீரில் ஆடும் ஒரு விளையாட்டு எனக்கும் வந்துவிட்டதே என்ற கர்வத்தில், ஒரு கோல் போட்ட வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் கலைச்செல்வி கூப்பிட்டாள். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. என்னைவிட ஆறு வயது சின்னவள். கல்யாணமாகித் திருமயம் பக்கத்துக் கிராமத்துக்குப் போனவள், இப்போது புதுக்கோட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கணவர் பாண்டியோடு சேர்ந்து ஒரு ஏக்கர் நெல்லும் போடுகிறாள்.

“அக்கா, இத எங்க ஊருக் கண்மாயிலயும் ஆடுவோங்க்கா. தை கடைசியில ஒரு மேட்ச் இருக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரு விருந்தாளி ஆடலாம். எங்க பக்கம் ஆட வாரீங்களா?”

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, ஆழம் எவ்வளவு என்று. “இப்ப நெஞ்சு மட்டுந்தாங்க்கா” என்றாள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். ஆழத்தைக் கேட்டுக்கொண்டுதான் காலை விட்டேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் கேட்டிருக்க வேண்டியது வேறு.

சனிக்கிழமை இரவு சென்னையிலிருந்து அரசு விரைவுப் பேருந்து. டிக்கெட் நானூறு ரூபாய்ச் சொச்சம். காலை ஆறு மணிக்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். எதிரே இருந்த கடையில் நான்கு இட்லி, ஒரு காபி, அறுபது ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது, காபியைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அங்கிருந்து காரைக்குடி போகும் பேருந்தில் ஏறினால் இருபது கிலோமீட்டரில் திருமயம், அரை மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் அது நின்று நின்று போகும். இடது பக்கம், வலது பக்கம் என்று ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். மலைமேல் இருக்கும் கோட்டை ஊருக்குள் நுழையும்போது எப்படியும் கண்ணில் படும்.

திருமயத்திலிருந்து கலைச்செல்வியின் ஊருக்கு ஏழு கிலோமீட்டர். மினி பஸ் எப்போது வரும் என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். ஆட்டோவில் ஏறினேன், இருநூறு ரூபாய். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“டியூப் பந்துக்காங்க?”

“ஆமாங்க. உங்களுக்கும் தெரியுமா?”

“தெரியாம என்ன. வடக்கு மடையா, தெக்கு மடையா?”

“அதெல்லாம் தெரியலைங்க. கலைச்செல்வின்னு, பாண்டி வீட்டுக்கு.”

“அப்ப வடக்கு மடை.” பிறகு, “நல்லா எறிவீங்கல்ல?” என்றார்.

“ஏதோ எறிவேன்.”

“ஏதோன்னா எப்படிங்க?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு மணிக்கு வீடு. குடிக்க மோர் கொடுத்தார்கள். பாண்டி “வாங்க, நல்லா இருக்கீங்களா” என்றதோடு சரி, கையில் ஒரு பழைய புடவைத் துணியோடு எங்கேயோ கிளம்பிப் போனார். கலைச்செல்வியும் வழக்கம்போல வளவளவென்று பேசவில்லை. மேட்ச் பதற்றம் போலிருக்கிறது, எவ்வளவு அக்கறையாக ஆடுகிறார்கள் என்று மெச்சிக்கொண்டு உடை மாற்றினேன். புதிதாக வாங்கிய ஊதா நிற நீச்சல் உடைக்கு மேல் ஒரு முழுக்கை டீ-சர்ட்.

கண்மாய்க் கரையில் ஏறியதும் முதல் அதிர்ச்சி. எங்கள் குளத்து டியூபெல்லாம் வாத்துப் படம் போட்டவை. இங்கே கரையோரம் மிதந்தவை லாரி டியூப்கள். கன்னங்கரேலென்று, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமே உட்காரலாம் போல. இரண்டு மட்டும் டிராக்டர் பின்சக்கரத்தினுடையவை, அவை கோல் காப்பவர்களுக்காம். காற்றடிக்கும் இரும்பு மூக்கு தொடையைக் கிழித்துவிடும் என்பதால் அதைச் சுற்றிப் புடவைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார் பாண்டி.

இரண்டாவது அதிர்ச்சி கோல். வடக்குப் பக்கம் இரண்டு மூங்கில் கம்பு நட்டிருந்தார்கள், அது சரி. தெற்குப் பக்கம் தண்ணீருக்குள்ளிருந்து ஆளுயரத்துக்கு மேல் இரண்டு கல்தூண்கள், குறுக்கே ஒரு கல். அதுதான் தூம்புக்கல், அதாவது கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய மடை. எத்தனையோ நூறு வருடத்துக் கல்லில் ரப்பர் பந்தை அடிப்பதா என்று திகைத்தேன். இந்த மாவட்டத்தில் நிறையக் கண்மாய்களில் இப்படி உண்டு என்றாள் கலைச்செல்வி. மடை மூடியிருந்தால் பயமில்லை, திறந்திருக்கும்போது பக்கத்தில் போனால் அடியில் இழுத்துவிடுமாம்.

மூன்றாவது அதிர்ச்சி கூட்டம். முந்நூறு பேராவது கரையில் இருந்தார்கள். சிரிப்பில்லை, விசிலில்லை. பஜ்ஜிக் கடை கூட இல்லை. வடக்குப் பக்கத்துக்காரர்கள் இங்கிட்டும் தெற்குப் பக்கத்துக்காரர்கள் அங்கிட்டுமாகத் தனித்தனியாக நின்றார்கள். தெற்கு மடையின் விருந்தாளி கோட்டைப்பட்டினத்துக்காரர், ரஃபி என்று பெயர், வளைகுடாவுக்குப் போய் வந்து இப்போது கடலில் மீன் பிடிக்கிறாராம். தோள் இரண்டும் உரல் மாதிரி. அவர்கள் கடலோடியைக் கூட்டி வந்திருக்கிறார்கள், இவர்கள் வாத்து டியூபில் ஆடும் என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

நடுவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். கரையில் நின்று சத்தமாகச் சொன்னார்: “பக்கத்துக்கு அஞ்சு பேரு. மொதல்ல அஞ்சு கோல் போடுற பக்கம் ஜெயிச்சது. டியூப விட்டு எறங்கி கோல் போட்டா செல்லாது. யாரும் யாரையும் கவுக்கலாம். ஜெயிச்ச பக்கத்துக்கு முதல் தண்ணி. அப்பறம் யாரும் வாய் தொறக்கக் கூடாது.”

“முதல் தண்ணின்னா?” என்று கலைச்செல்வியிடம் கேட்டேன். ஜூஸ் எதுவும் கொடுப்பார்களோ என்றுதான் நினைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “கண்மாயில இருக்கிற தண்ணி ஒரு பக்கத்துக்குத்தாங்க்கா காணும். ஜெயிச்ச பக்கத்து மடையத் தொறப்பாங்க. மிஞ்சுனாதான் அடுத்த பக்கம். இந்த வருஷம் மிஞ்சாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாதிப் பாதி விடக் கூடாதா?”

“விட்டா ரெண்டு பக்கமும் நெனையும், ரெண்டு பக்கமும் வெளையாது. போர் போட்டவங்களுக்குக் கவலையில்ல. எங்களுக்கு இதுதான். பயிரு பால் புடிக்கிற நேரங்க்கா. இந்தத் தண்ணி கெடச்சா நெல்லு, கெடைக்கலைன்னா பதரு.”

முன்பெல்லாம் பிள்ளையார் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். தொடர்ந்து மூன்று வருடம் தெற்கு மடைக்கே விழ, சீட்டை மடித்தவர் மேல் சந்தேகம் வந்து, அடிதடியாகி, போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருக்கிறது. ஊர் இளவட்டங்கள் அப்போது கண்மாயில் டியூபில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். சீட்டை மடித்து ஏமாற்றலாம், தண்ணீருக்குள் நடப்பதை ஊரே பார்க்கிறது என்று இதற்கு மாறிவிட்டார்கள். இது மூன்றாவது வருடம்.

“ஏண்டி முன்னாடியே சொல்லல?”

“சொன்னா வந்திருப்பீங்களா?”

வந்திருக்க மாட்டேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. என் வீடியோவைப் பார்த்து நான் பெரிய ஆட்டக்காரி என்று நம்பியிருக்கிறாள். அந்தக் கோலைக் காத்தவர் எங்கள் மூன்றாம் மாடி மாமா, அறுபத்தேழு வயது, மூட்டு வலி. அதை வீடியோ சொல்லாது. நான் திரும்பிப் போகலாம் என்று நினைப்பதற்குள் பாண்டி டியூபை என் பக்கம் தள்ளிவிட்டார், விசிலும் ஊதிவிட்டார்கள்.

நெஞ்சளவுத் தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு. எங்கள் குளத்தில் பந்து வைத்திருப்பவரை மட்டும்தான் கவிழ்ப்போம், அதுவும் ‘சாரி’ சொல்லிக்கொண்டு. இங்கே பந்து எங்கிருந்தாலும் பக்கத்தில் வந்து டியூபுக்கு அடியில் காலைக் கொடுத்து ஒரே நெம்பு. முதல் பத்து நிமிடத்தில் நான்கு முறை கண்மாய்த் தண்ணீர் குடித்தேன். ரஃபி இரண்டு கோல் போட்டார். பாண்டி ஒன்று திருப்பினார். நான்காவது முறை எழுந்தபோது எனக்கே ஒரு வேகம் வந்தது, கோபம் என்றுகூடச் சொல்லலாம். கைதான் எனக்குப் பலம். தூரத்திலிருந்து எறிந்தேன், மூங்கிலுக்கு நடுவில் போய் விழுந்தது. கரையில் வடக்கு மடைப் பெண்கள் குலவை போட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் எனக்காக யாரும் குலவை போட்டதில்லை, கல்யாணத்தில்கூட.

பாதியில் பக்கம் மாறினோம். இனி நாங்கள் தூம்புக்கல்லுக்குள் போட வேண்டும். அங்கே டிராக்டர் டியூபில் உட்கார்ந்திருந்தவர் வள்ளியம்மை, நாற்பத்தைந்து வயதிருக்கும், களை எடுத்து எடுத்து இறுகிப்போன கை. அவர் காத்தால் கல்லுக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை. நான் ஒன்று, கலைச்செல்வி ஒன்று என்று எப்படியோ போட்டோம். அவர்களும் இரண்டு போட்டார்கள். நான்குக்கு நான்கு.

இப்போது நடந்ததை நிறுத்தி நிதானமாக எழுத வேண்டும். பாண்டி எறிந்த பந்து என் கைக்கு வந்தது. தூம்புக்கல்லுக்கு நான் இரண்டு கை தூரத்தில் இருந்தேன். அதே சமயம் கலைச்செல்வி காலைக் கொடுத்து நெம்ப, வள்ளியம்மையின் டியூப் கவிழ்ந்தது. அவர் தண்ணீருக்குள் போய், முகமெல்லாம் முடியோடு எழுந்து, டியூபைப் பிடிக்கத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு கல்லுக்கும் நடுவில் யாருமே இல்லை. பந்தை எறியக்கூட வேண்டாம், சும்மா விட்டாலே உள்ளே போயிருக்கும்.

நான் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு விதி உண்டு. யாராவது கவிழ்ந்தால் அவர் திரும்ப டியூபில் ஏறும் வரை பந்தை எறியக் கூடாது. ஒருவர் மூக்கில் பந்து பட்டு ரத்தம் வந்த பிறகு சங்கக் கூட்டத்தில் போட்ட விதி அது. இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் அப்படியே ஆடி ஆடி, கை தானாக மேலே போய்விட்டது. அந்த நொடியில் நான் யோசித்து நின்றேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை.

“போடுங்க்கா! போடுங்க!” கலைச்செல்வி கத்தினாள்.

“இருடி, அவங்க ஏறட்டும்” என்றேன். சொல்லிவிட்டு வள்ளியம்மையைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தேன்.

அவர் ஏறினார். நான் எறிந்தேன். ஒற்றைக் கையால் பிடித்தார், அதே வீச்சில் மூங்கில் கம்புகள் இருந்த அந்தக் கோடிக்கு எறிந்தார். அங்கே ரஃபி தனியாக இருந்தார், எங்கள் கோல் காப்பவர்கூட முன்னால் வந்துவிட்டிருந்தார். அவ்வளவுதான்.

விசில் நீளமாக ஊதியது. இந்த முறை குலவை தெற்குக் கரையிலிருந்து. எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பாண்டி மட்டும், “ஏன் நின்னீங்க?” என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நான் எங்கள் விதியைச் சொன்னேன். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. தோற்ற பக்கத்து ஆள்தான் ஜெயித்த பக்கத்து மடையைத் திறந்துவிட வேண்டுமாம். திருட்டுத்தனமாகத் திறந்துகொண்டார்கள் என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. எல்லோரும் கரையேறிய பிறகு கலைச்செல்விதான் போனாள். கட்டையைப் போட்டு நடந்து, கல்தூண் மேல் ஏறி, குறுக்குக் கல்லின் துளையில் இறங்கியிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் வந்தது. அடியில் தண்ணீர் குடுகுடுவென்று போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் தெற்கு வயல் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. தன் பயிருக்குத் தண்ணீர் வேண்டுமென்று என்னை ஊர் தாண்டி வரவழைத்தவளையே அடுத்தவர் வயலுக்குத் திறந்துவிட வைத்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வள்ளியம்மை. தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

“எதுக்கும்மா நின்னீங்க?”

“எங்க ஊர்ல அப்படித்தாங்க ஆடுவோம்.”

“நானா இருந்தா நின்னிருக்க மாட்டேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “எம் பயிரும் பால் புடிக்கிற நேரந்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏன் வர வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

மதியம் இலை போட்டார்கள். கெண்டை மீன் குழம்பு. பாண்டி என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். “வேண்டாங்க” என்றேன். “விருந்தாளி இல்லையா, சாப்பிடுங்க” என்றார். அந்தத் துண்டைச் சாப்பிடக் கஷ்டப்பட்டதுபோல் நான் எந்தச் சாப்பாட்டுக்கும் கஷ்டப்பட்டதில்லை. சாப்பிட்டு முடித்து அவர் வயல் பக்கம் போனார். தண்ணீர் வராத வயலில் போய் என்ன செய்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று மணிக்கு அதே ஆட்டோ வந்தது. ஓட்டுநருக்கு விஷயம் தெரிந்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்க்கவே இல்லை, திருமயத்தில் இருநூறை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

கோட்டையைப் பார்க்காமல் வந்தால் படிக்கிற நீங்கள் கோபிப்பீர்கள் என்று ஏறிப் பார்த்தேன். நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம் போதும், உச்சியில் பீரங்கியும் நல்ல காற்றும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் சுற்றிலும் கண்மாய்கள். எல்லாவற்றிலும் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. எது அந்த ஊர்க் கண்மாய் என்று தேட மனமில்லாமல் இறங்கிவிட்டேன். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்கும் திட்டமும் இருந்தது, புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான், போகவில்லை.

டியூப் பந்து ஆட ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கறுப்பு டியூப் வெயிலில் அடுப்புக்கல்லாகிவிடும், பத்து மணிக்கு மேல் ஆட வேண்டாம். முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் பழையதாக இருக்கட்டும், ரப்பர் கறை போகவே போகாது, என் ஊதா உடை இப்போது தரை துடைக்கிறது. இரும்பு மூக்கில் துணி கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். மடை திறந்திருந்தால் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். ஊர்க்காரர்கள் துணையில்லாமல் எந்தக் கண்மாயிலும் இறங்க வேண்டாம், மண் அள்ளிய குழிகள் வெளியே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, உங்களை ஆடக் கூப்பிட்டால் விதியைக் கேட்பதற்கு முன்னால் எதற்காக ஆடுகிறீர்கள் என்று கேளுங்கள். அதன் பிறகு விதியையும் ஒன்றுவிடாமல் கேளுங்கள். நமக்குத் தெரிந்த விதிதான் உலகத்துக்கும் விதி என்று கை நினைத்துக்கொள்கிறது, அதைக் கொஞ்சம் கட்டி வையுங்கள்.

அறுவடை முடிந்து கலைச்செல்வி கூப்பிட்டாள். பாதிக்கு மேல் பதர் என்றாள். மழை பெய்ததா, வேலை எப்படி என்று கேட்கும் அதே குரலில்தான் சொன்னாள். “இனிமே உங்க ஊர்ப் பக்கம் என் தலையே தெரியாதுடி” என்றேன்.

“அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீங்க்கா. அடுத்த வருஷம் கண்டிப்பா வாரீங்க. வள்ளியம்மக்காகிட்ட பேசிட்டேன், அவங்களுக்கும் சந்தோஷந்தான். நீங்க தெக்கு மடைக்கு ஆடுறீங்க.”